தோற்கத் தெரியாத சம்பந்தி

குளத்தூர்,
12-5-1957

மரியாதைக்குரிய மச்சான் சோலையப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் செல்லமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. நம் அமிர்தவல்லியின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம் நான்தான். ஆனால் சத்தியமாக என் மேல் தப்பில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் அன்னவாசல் ரெங்கசாமி சதுரங்கத்தில் வருஷா வருஷம் கோப்பை வாங்குகிறவர் என்பது தங்களுக்குத் தெரியும். நானோ குதிரை எந்தப் பக்கம் தாண்டும் என்று இன்றைக்கும் விரலால் எண்ணிப் பார்க்கிறவன். புதுக்கோட்டைப் போட்டிக்கு ஆள் குறைகிறது என்று என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே அவரோடு வந்து விழுந்தது. தங்கள் தங்கை செங்கமலம் நான் பஸ் ஏறும்போதே, "சம்பந்திக்குக் கோவம் வர்ற மாதிரி எதுவும் செஞ்சுராதீங்க, தோத்துட்டு வாங்க" என்றாள். அதிலென்ன கஷ்டம் என்று நானும் போனேன். முதலில் மந்திரியைக் கொடுத்தேன். பிறகு யானை, குதிரை, சிப்பாய் என்று பந்தியில் பரிமாறுவது போல வரிசையாகக் கொடுத்தேன். அவரும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டார். கடைசியில் மூலையில் என் ராஜா மட்டும் நின்றார். சம்பந்தி தன் மந்திரியை நகர்த்திவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். என் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. நாங்கள் ஊரில் ஆடும் வழக்கப்படி, அடைபட்டவன் தோற்றவன். கும்பிட்டு, "தோத்துட்டேங்க" என்றேன்.

நடுவர் எழுந்து வந்து, "இந்த வருசத்துலேருந்து வெள்ளைக்கார ரூலுங்க. நகர வழியில்லாட்டி டிரா" என்றார். "ஐயா, பொண்ணு கல்யாணம்ங்க, தோல்வின்னே எழுதிக்கங்க" என்று மன்றாடினேன். கூட்டம் சிரித்தது. சம்பந்திக்கு வெற்றிலை தொண்டையில் நின்றுவிட்டது. "ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்து கவுத்துட்டீங்களே" என்று போனவர்தான், பரிசத் தேதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் முதல் பஸ்ஸில் வந்து, எனக்கு ஆடவே தெரியாது என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தோற்க முயன்ற
செல்லமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சம்பந்தியே பலகையும் கையுமாக வந்துவிட்டார். "ஒங்கள ஜெயிக்காம எனக்குத் தூக்கம் வரலைங்க. ஒரு ஆட்டம் போடுவோம், முடிஞ்ச கையோட பரிசத்துக்கு நாள் பாத்துருவோம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி டிரா ஆகிவிடக் கூடாதே என்று இந்தத் தடவை காய்களைக் கொடுக்கவில்லை. யாருக்கும் தொந்தரவில்லாமல் யானையை அவர் பக்கத்துக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். அது மாத்தாம், நான் ஜெயித்துவிட்டேனாம். சம்பந்தி பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், வாடகைக் கார் பிடித்து வரவும்.