மூச்சண்ணையும் இடம் மாறிய இரண்டு தாள்களும்

பிராங்பேர்ட் நகரத்தில், மனிதர்கள் மூச்சு விடுவதையே குற்றமாகக் கருதிய ஒரே ஆள் எங்கள் மூச்சண்ணைதான்.

அவரும் நானும் ஓர் அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்த்தோம். அவருடைய அறையில் முகலாயர் காலத்து ஆல்பம் ஒன்றின் தாள்கள் இருந்தன. ஒரு பக்கம் அணில் மயிர்த் தூரிகையால் தீட்டிய குட்டி ஓவியம், மறுபக்கம் பாரசீக எழுத்து. யாராவது கிட்ட மூக்கை நீட்டினால் போதும், “பிட்டே, நிக்ட் ஆட்மென்!” என்று பாய்ந்து வருவார். தயவுசெய்து மூச்சு விட வேண்டாமாம்!

“அண்ணை, நடுவிலை கண்ணாடி இருக்கெல்லோ?”

“கண்ணாடிக்கும் மூச்சு முட்டும், தங்கச்சி. நீர் தள்ளி நில்லும்.”

ஜெர்மன்காரர் சொல் கேட்கிற சனம். ஒரு மூதாட்டி முகம் சிவக்கச் சிவக்க மூச்சைப் பிடித்தபடி யானைச் சண்டை ஓவியத்தைப் பார்த்து முடித்து, அவருக்குக் கைகொடுத்து நன்றியும் சொல்லிப் போனார். எல்லோரும் அப்படி நல்லவர்களா? ஒருவர் முறைப்பாடு எழுதிப் போட்டார். மேலாளர் ‘ஆப்மானுங்’ கொடுத்துவிட்டார். இன்னொரு தரம் வேலை நேரத்தில் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று எழுத்தில் வந்த எச்சரிக்கை அது. மனிதர் ஒரு வாரம் ஊமை போல நின்றார்.

அந்த வாரம்தான் அவருடைய அறையில் புதுக் கண்காட்சி. மாலையில் திறப்பு விழா. மதியம் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார்.

“இந்த ரெண்டு எழுத்துத் தாளும் இடம் மாறிப் போச்சு.”

“உங்களுக்குப் பாரசீகம் வாசிக்கத் தெரியுமோ?”

“ஒரு எழுத்தும் தெரியாது. ஓரத்தைப் பாரும். புத்தகத்திலை கட்டின பக்கம் ஓரம் ஒடுக்கம். ரெண்டு ஒடுக்கமும் நடுவிலை சேர வேணும், இங்கை வெளியிலை நிக்குது.”

அட, உண்மைதான்! இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய யாரோ, முதல் தாளை இடப்பக்கம் மாட்டிவிட்டார்கள். வலமிருந்து ஓடுகிற எழுத்துக்கு அது வலப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்?

“சும்மா இருங்கோ அண்ணை, வேலை போயிடும்.”

“பிழையைப் பாத்துக்கொண்டு எனக்கு நிக்க ஏலாது, பிள்ளை.”

கண்காட்சியை அமைத்த பிரிவுத் தலைவி உள்ளே வந்தார். அண்ணை வாயை இறுக மூடிக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகம் போல விரித்தார், மூடினார். கைகளைக் குறுக்கே மாற்றிப் போட்டார். மறுபடி விரித்தார். “யோகாவா?” என்று தலைவி என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை சுவரைக் காட்டினார். தலைவி ஓரங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் தாள்கள் இடம் மாறின. மாலையில், வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் தலைவி நடந்ததைச் சொன்னார். அந்த ஆப்மானுங்கைத் தானே பேசி ரத்துச் செய்வித்ததாகவும் சொன்னார். பிறகு அண்ணையிடம் கேட்டார்: “இப்போது வாய் திறந்து சொல்லுங்கள். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?”

அண்ணை சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்: “இந்த அறையில்தான். நின்றுகொண்டு படித்தேன்.”

மண்டபமே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை முழுக்க, கழிவறைக்கு வழி கேட்டு வந்தவர்களைக்கூட நிறுத்தி, “அதிலை நிக்கிறாரே, அவர் எங்கட அண்ணை” என்று சொல்லித்தான் அனுப்பினேன்.