ஒரே பட்டன்காரர்

எந்த அலுவலகத்திலும் ஓடாத மின்விசிறி ஒன்று இருக்கும், கையெழுத்துப் போடாத மேலதிகாரி ஒருவர் இருப்பார், ஒரே பட்டன்காரர் ஒருவர் இருப்பார். முதல் இருவகையை நீங்கள் உடனே கண்டுகொள்வீர்கள். மூன்றாமவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அவர் எப்போதும் யாருக்காவது உதவி செய்துகொண்டே இருப்பார்.

ஒரு காரியத்தை நீங்கள் இரண்டாவது முறை செய்வதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. முதல் முறை பரவாயில்லை, மனிதர்கள்தானே என்று விட்டுவிடுவார். இரண்டாவது முறையும் உங்கள் கை அதே இடத்துக்குப் போனால், நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும்.

“இதைத் தினமும் கையாலயா பண்றீங்க?”

கிணற்றில் நீர் இறைத்துக் குளிப்பவரைப் பார்த்துக் கேட்பது போலக் கேட்பார். நீங்கள் ஆமாம் என்பீர்கள். அத்துடன் உங்கள் கதை முடிந்தது. “இருங்க. சின்னதா ஒரு மாட்யூல், குட்டி புரோகிராம், எழுதித் தரேன். ரொம்ப லைட்.”

எங்கள் அலுவலகத்தில் இருப்பவருக்கு அதனாலேயே ‘லைட்டு’ என்று பெயர். நல்லவர். குரலை உயர்த்த மாட்டார், யாருடைய டீயையும் எடுத்துக் குடிக்க மாட்டார். வீட்டிலும் இப்படித்தானாம். தட்டுகள் ஒரு தொகுதியாகச் சேரும்வரை கழுவ மாட்டார், கடைக்குப் போக ஐந்து காரணங்களாவது சேர வேண்டும். அவருடைய மனைவி ஒருநாள் எங்களிடம் சொன்னார்: “தாகம் எடுத்தாக்கூட உடனே குடிக்க மாட்டாருங்க. நாலு தாகம் சேரட்டும்னு உக்காந்திருப்பார்.”

எங்கள் அலுவலகம் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம். ஊரில் நாற்பத்திரண்டு குழாய்களிலிருந்து தினமும் காலையில் நாற்பத்திரண்டு பாட்டில்கள் வேனில் வரும். சோதித்து எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, ஏழு ஸ்க்ரிப்ட் ஃபைல்களை வரிசையாக ஓட்ட வேண்டும். ஸ்க்ரிப்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கும் சீட்டு. எண்களைச் சரிபார்க்க ஒன்று, வரம்பு மீறியதா என்று பார்க்க ஒன்று, எண்ணிப் பார்க்க ஒன்று என்று போய், ஏழாவது ஃபைல் நீரேற்று நிலையத்துக்கு அறிக்கையை அனுப்பிவைக்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஏழையும் எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள், எழுதிய கணினி மொழிகள் மூன்று. அதில் ஒரு மொழியை எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அதை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இந்த ஃபைல்கள் பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் மாதிரி ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கா. நடுவில் ஒருவர் நின்று, இவர் இப்படிச் சொன்னார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அந்த ஒருவர் பதிவறை அக்கா. மானிட்டரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி, ஒன்றிலிருந்து ஏழுவரை எழுதிவைத்திருந்தார். ஒன்றைத் திறப்பார், முடியும்வரை காத்திருப்பார், அடுத்ததைத் திறப்பார். மொத்தம் பதினோரு நிமிடம். மூன்றரை மணிக்கு, பின்தெருப் பள்ளியிலிருந்து நாலாம் வகுப்பு மகள் வந்து ஜன்னலோர மேஜையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்து கிளம்புவார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

லைட்டு ஒருநாள் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பெருமூச்சு கேட்டது.

“பதினோரு நிமிஷம் அக்கா! வருஷத்துக்கு நாப்பத்தஞ்சு மணி நேரம்!”

“நடுவுல டீ குடிச்சுக்குவேன் தம்பி,” என்றார் அக்கா.

அது லைட்டுக்கு ஒரு பதிலாகவே படவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்தார். முதலில் எட்டு வரிதான், ரொம்ப லைட். பிறகு, எந்த ஃபைல் எந்த மொழி என்று சொல்ல ஒரு ஃபைல். அந்த ஃபைல் சரியா என்று பார்க்க இன்னொன்று. பார்த்ததைக் குறித்துவைக்க ஒன்று. குறிப்பு நீண்டுபோனால் பழையதை ஒதுக்கிவைக்க மற்றொன்று. ஏழு ஃபைல்களை ஓட்டப் பதினாலு ஃபைல்கள் ஆயின. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறார்.

அரங்கேற்றத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். அவர் ஒரே ஒரு பட்டனை அழுத்தினார். திரையில் பச்சை எழுத்துகள் சரசரவென்று ஓடின. ஒன்பது நொடி. அறிக்கை போய்விட்டது. கை தட்டினோம். நானும் தட்டினேன்.

“நடுவுல ஒரு ஃபைல் ஏதோ கேள்வி கேட்டு நின்னுக்கிட்டே இருந்தது,” என்றார் பெருமையாக. “எதைக் கேட்டாலும் ‘ஆம்’னு பதில் போற மாதிரி ஒரு வரி சேத்துட்டேன். இனிமே நிக்கவே நிக்காது.”

எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். எள் என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே எண்ணெயாக நிற்கும் இயந்திரத்தை அன்றுதான் பார்த்தோம். அக்கா ஏதோ சொல்ல வந்தார். கைதட்டலில் அது கேட்கவில்லை.

மகள் மட்டும் நோட்டிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: “அங்கிள், இது என்ன செய்யும்?”

“அம்மா செய்யற வேலை எல்லாத்தையும் செய்யும்.”

“அப்ப அம்மா என்ன செய்வாங்க?”

லைட்டு யோசித்தார். அதற்கு அவரிடம் மாட்யூல் இல்லை.

மேலதிகாரியிடம் இருந்தது. இவ்வளவு வருடமாகக் கையெழுத்தே போடாதவர், இரண்டே நாளில் போட்டார். பதிவறையில் ஆள் தேவை இல்லாததால் அக்காவுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளைக்கு மாற்றல். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை முதல். கிளையிலிருந்து கிளம்பி வீடு சேர ஏழு மணி ஆகும். மூன்றரையிலிருந்து ஏழுவரை மகளை எங்கே உட்காரவைப்பது என்று அக்கா யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் தினமும் அந்த ஜன்னலோர மேஜையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். லைட்டு மனம் வருந்தி, அக்காவின் சாமான்களைக் கட்டுவதற்கு ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தார். அகர வரிசையில்.

அந்த இரண்டு வாரமும் பட்டன் பிரமாதமாக வேலை செய்தது. தினமும் ஒன்பது நொடி, தினமும் ‘எல்லா இடங்களிலும் நீர் நன்று’ என்று அறிக்கை. மிச்சமான பதினோரு நிமிடத்தில் லைட்டு அந்த ஒன்பது நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை, அக்கா இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது வேன் டிரைவர் விடைகொடுக்க வந்தார். கையில் ஒரு பை. மேஜைமேல் வைத்ததும் கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது. உள்ளே ஐந்து பாட்டில்கள்.

“என்னண்ணே இது?” என்றார் அக்கா.

“ரெண்டு வாரமா சேர்ந்ததும்மா. வழக்கம்போல சீட்டுக்கு அடியில உருண்டு போயிடுதுங்க. நீங்க போன் பண்ணுவீங்க, எடுத்துட்டு வரலாம்னு வச்சிருந்தேன். நீங்க பண்ணவே இல்லையே. சரி, இப்பல்லாம் இது தேவையில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அறையில் மின்விசிறி ஓடாத சத்தம்கூடக் கேட்டது.

விஷயம் இதுதான். யாராலும் வாசிக்க முடியாத அந்த மூன்றாவது ஃபைல் பாட்டில்களை எண்ணும். ஒன்று குறைந்தால் நின்று, ‘ஒரு நீர் மாதிரி குறைகிறது, தொடரலாமா?’ என்று கேட்கும். அக்கா ‘இல்லை’ என்று அழுத்திவிட்டு, போனை எடுத்து, “அண்ணே, சீட்டுக்கு அடியில பாருங்க” என்பார். பாட்டில் வரும், சோதிப்பார்கள், மீண்டும் ஓட்டுவார். இத்தனை வருடமும் இதுதான் நடந்தது. மஞ்சள் சீட்டில் இது இல்லை. ஏன் எழுதவில்லை என்று மேலதிகாரி கேட்டபோது அக்கா உண்மையிலேயே விழித்தார். “கேட்டா பதில் சொல்றது ஒரு வேலையா சார்? அதைப் போய் எழுதுவாங்களா?”

ஐந்து குழாய்களின் தண்ணீரை யாரும் பார்க்காமலே ஐந்து நாள் நன்று என்று சொல்லியிருந்தோம். எந்தெந்தக் குழாய் என்று பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றின்மேல் பின்தெருப் பள்ளியின் பெயர் இருந்தது. அக்கா மகளின் தண்ணீர் பாட்டிலை எடுத்து, திறந்து, கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

அன்று மாலையே ஐந்து இடங்களுக்கும் வேன் மறுபடி போனது. நான்கு சரியாக இருந்தன. பள்ளிக் குழாய் சரியில்லை. நல்லவேளை, வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. அடைத்தார்கள், கழுவினார்கள், திறந்தார்கள். மேலதிகாரி மாற்றல் உத்தரவை வாங்கி, ‘மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதி, இரண்டாவது கையெழுத்தையும் போட்டார். ஒரே மாதத்தில் இரண்டு. சரித்திரம்.

திங்கட்கிழமை அக்கா பழைய நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஃபைலைத் திறந்துவிட்டு டீயை உறிஞ்சினார். லைட்டு தலைகுனிந்து வந்து பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். கேட்கவும் கேட்டார். மூன்றாவது ஃபைல் நின்றது, அக்கா போனை எடுத்து டிரைவரிடம் பேசினார். பின்னால் பெருமூச்சு கேட்டது.

“அக்கா, இந்தப் போன் பண்றதை மட்டும் சின்னதா ஒரு...”

“தம்பி,” என்றார் அக்கா, “போய் டீ குடி.”

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், தவறில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அக்கா ஏழு ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறக்கிறார் என்று சொன்ன இடத்தில், பதினோரு நிமிடம் என்று வாசித்தபோது, ‘ஏழையும் சேர்த்து ஒரே தடவையில் ஓட்டக்கூடாதா?’ என்று உங்களுக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்களே, அது யார்?