ஐயனார் சாட்சியாக ஒரு ஜீப்

புளியங்குளத்திலை நாலு சில்லும் இழுக்கிற ஜீப் வைச்சிருக்கிற ஒரே தபால் கந்தோர்க்காரன் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லேல்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுறன். இருபத்திரண்டு வருசம் கதிரையிலை குந்தியிருந்து முத்திரை குத்தினவனுக்கும் வாழ்க்கையிலை ஒரு வீரம் வேண்டாமோ?

ஜீப்புக்கு என்னைவிட நாலு வயசு குறைவு. சத்தம் என்னைவிட நாப்பது மடங்கு கூட. தை மாசம் வீட்டுக்குக் கொண்டந்தன். வைகாசி வரைக்கும் அது போன தூரத்தைக் கேட்டால் சிரிப்பியள். ஒருக்காச் சந்தைக்கு. ஒருக்காக் கோயிலுக்கு. பிறகு வேலியோரம் முருங்கைக்குக் கீழை நிண்டுது. பின்சீற்றிலை சிவப்புக்கோழி அடை கிடந்துது.

சிவரூபி எண்டது என்ர மனுசி. வவுனிக்குளத்துக் கமக்காரன் ஒருத்தரின்ர மகள். அவா அதிகம் கதைக்கமாட்டா. அவா கதைச்சால், அதுக்குப் பிறகு நான் கதைக்கமாட்டன். இப்பிடித்தான் எங்கட குடும்பம் பத்தொன்பது வருசமாச் சண்டை இல்லாமல் ஓடுது.

ஒரு வெள்ளிக்கிழமை காலமை, தட்டிலை புட்டைப் போட்டபடி அவா கதைச்சா.

"இஞ்சாருங்கோ, உந்த ஜீப்பை வித்துப்போட்டு ஒரு லான்ட்மாஸ்ரர் எடுப்பம். வயல் உழவாவது உதவும்."

நான் தட்டைத் தள்ளி வைச்சன்.

"என்ன கதை கதைக்கிறீர்? அது காட்டு ஜீப் அப்பா! கல்லு, பாறை, ஆறு எல்லாம் ஏறும்!"

"ஏறுமோ?"

"நாலு சில்லும் இழுக்கும்!"

"இதுவரைக்கும் கோழியைத்தான் இழுத்திருக்கு."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்திட்டுது.

"சரி! நாளைக்குச் சனிக்கிழமை. கருங்காலிக்குளத்துக்குப் போறம். ஏழு மைல் காட்டுப்பாதை, முழுக்கக் கல்லு. அங்கை கூடாரம் அடிச்சுப் படுக்கிறம். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வாறம். ஆரின்ர உதவியும் இல்லாமல், நானே ஓடி!"

"ஆரின்ரையேன் உதவி தேவைப்பட்டால்?"

"வித்துப்போடும்!"

நுணலும் தன் வாயாலை கெடும் எண்டு சொல்லுவினம். நுணல் பாவம், அதுக்கு வாய் மட்டும்தான். எனக்கு அதோடை சேத்து ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கிடந்துது.

"சரி" எண்டா சிவரூபி. அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியச் சாமான் ஏத்தினம். நான் கயிறு, கூடாரம், பைனாகுலர் எல்லாம் ஏத்தினன். அவா அரிசி, கருவாடு, சட்டி, பானை, ரெண்டு சாக்கு, ஒரு மண்வெட்டி ஏத்தினா.

"மண்வெட்டி என்னத்துக்கு? தோட்டம் கொத்தவோ போறம்?"

"கிடக்கட்டும்."

காட்டு வாசலிலை ஒரு பெரிய பாலைமரம். அதுக்குக் கீழை ஒரு கல்லு. அதுதான் ஐயனார். எங்கட வன்னியிலை காட்டுக்குள்ளை போறவன் ஆரெண்டாலும் ஒரு குழை முறிச்சு அவருக்குப் போட்டுட்டுத்தான் போவான். விறகுக்குப் போறவனும் போடுவான், தேனுக்குப் போறவனும் போடுவான், கடவுள் இல்லை எண்டு மேடையிலை கத்திறவனும் ஒருத்தரும் பாக்காத நேரமாப் பாத்துப் போடுவான். ஐயனாருக்கு முன்னாலை பொய் சொல்லிப்போட்டு உள்ளை போனவன் முழுசா வெளியிலை வந்ததா எங்கட ஊரிலை ஒரு கதையும் இல்லை.

நான் ஒரு குழை முறிச்சன்.

"வாய்விட்டுச் சொல்லிப் போடுங்கோ" எண்டா சிவரூபி.

"என்னத்தைச் சொல்ல?"

"நேற்றுச் சொன்னதை."

வேறை வழி? சொன்னன். "ஐயனே, இந்த ஜீப்பை நானே உள்ளை கொண்டுபோய் நானே வெளியிலை கொண்டு வருவன். ஆரின்ரையேன் உதவி கேட்டால் ஜீப்பை விக்கிறன். சத்தியம்." பாலைமரத்திலை ஒரு இலைகூட அசையேல்லை. அவர் வடிவாக் கேட்டுக்கொண்டிருக்கிறார் எண்டு எனக்கு விளங்கிட்டுது.

பாதை எண்டு அதைச் சொல்லுறது ஒரு மரியாதைக்குத்தான். கல்லு, அதுக்குப் பக்கத்திலை கல்லு, இடையிலை பள்ளம், பள்ளத்துக்குள்ளையும் கல்லு. நான் ஒரு கியரைப் போட, ஜீப் இன்னொரு கியரை நினைச்சுது. என்ர தலை கூரையிலை எத்தினைதரம் இடிச்சுது எண்டு எண்ணினன். பதினேழோடை எண்ணிக்கை மறந்துபோச்சு. சிவரூபி ஒரு கையாலை கம்பியைப் பிடிச்சு, மற்றக் கையாலை சட்டியைப் பிடிச்சு, தேர் பாக்க வந்தமாதிரி இருந்தா.

அஞ்சாவது மைலிலை ஒரு பாறை. இடுப்பளவு இறக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டன். தடாம், புடாம் எண்டு நாலு சத்தம். கண்ணைத் திறந்தால் கீழை நிக்கிறம்!

"பாத்தீரே! நாலு சில்லும் இழுக்கும் எண்டு சொன்னனான்!"

அவா எட்டி முன்சில்லைப் பாத்தா.

பிறகு குளம் வந்துது. ஐயோ, அதை நான் எப்பிடிச் சொல்ல? சுத்திவரக் காடு. நடுவிலை வானம் இறங்கிப் படுத்துக்கிடக்குது. வெள்ளைக் கொக்குகள் ஆயிரம், ரெண்டாயிரம், ஆர் கண்டது? பட்டமரம் முழுக்கப் பூத்தமாதிரி இருந்துதுகள். ஜீப்பை நிப்பாட்டின உடனை அந்த அமைதி வந்து காதை அடைச்சுது. நான் தொப்பியைக் கழட்டினன். ஏன் கழட்டினன் எண்டு தெரியாது, கழட்டவேணும் போலை கிடந்துது.

குளத்துக்கு மேலை ஒரு உயரமான தட்டைப்பாறை. அதிலை கூடாரம் அடிச்சம். அடிச்சது அவா. நான் கயிறு பிடிச்சன். பொழுதுபடேக்கை அக்கரையிலை கொப்பு முறியிற சத்தம் கேட்டுது.

"யா..." எண்டு வாயெடுத்தன்.

"காட்டுக்கை அவையின்ர பேர் சொல்லப்படாது" எண்டு சிவரூபி என்ர வாயைப் பொத்தினா.

பதினொண்டு வந்துதுகள். ஒரு சத்தமில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, அடி வைச்சது எனக்குக் கேக்கேல்லை. எங்கட வீட்டிலை நான் குசினிக்குள்ளை மெல்லப் போனாலும் நாலு வீட்டுக்குக் கேக்கும். ஒரு குட்டி கரையிலை சறுக்கி இருந்திட்டுது. தாய் தும்பிக்கையை அடியிலை குடுத்து மெல்லத் தூக்கி விட்டுது. தண்ணி முழுக்கச் சிவப்பு. அதுக்குள்ளை கறுப்பாப் பதினொண்டும் நிண்டு குடிக்குதுகள். எனக்குக் கண் கலங்கிட்டுது, ஒளிக்காமல் சொல்லுறன்.

சிவரூபி என்ர கையைப் பிடிச்சிருந்தா. கல்யாணத்தண்டு பிடிச்ச கை. ஐயர் பிடிக்கச் சொன்னபடியால் பிடிச்சது. இப்ப ஒருத்தரும் சொல்லேல்லை.

"இவ்வளவு கிட்டத்திலை இதை வைச்சுக்கொண்டு," எண்டா மெல்ல, "பத்தொன்பது வருசம் நான் புட்டவிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

எனக்கு வயித்துக்குள்ளை பால் வாத்தமாதிரி இருந்துது. இந்த வாயாலை இனி ஜீப்பை வில்லுங்கோ எண்டு அவா சொல்லுவாவோ? நாளைக்கு ஒழுங்கா வெளியிலை போனால் சரி. நிம்மதியா நித்திரை கொண்டன்.

ஞாயிறு காலமை, திரும்புற வழியிலை அதே அஞ்சாம் மைல் பாறை. நேற்று அது இறக்கம். இண்டைக்கு ஏத்தம். இந்தச் சின்னக் கணக்கை நான் யோசிக்கேல்லை.

அக்சிலேட்டரை மிதிச்சன். ஜீப் பாதி ஏறிச்சுது. பிறகு வயித்தைக் கல்லிலை வைச்சுக் குந்திட்டுது. திரும்ப மிதிச்சன். புகை வந்துது. இன்னும் மிதிச்சன். ரயர் மணத்துது. இறங்கித் தள்ளினன். ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டுவினம், நான் சறுக்கி விழுந்தது முள்ளுப் பத்தைக்குள்ளை.

சிவரூபி ஒரு மரநிழலிலை இருந்து பாலைப்பழம் பொறுக்கித் திண்டுகொண்டிருந்தா. பால் ஒட்டி வாய் பசைபோலை கிடந்துது.

"அங்கை ஒரு உழவு மிசின் சத்தம் கேக்குது. கூப்பிடட்டோ?"

"வேண்டாம்!"

"கட்டி இழுத்தால் அஞ்சு நிமிசம்."

"கூப்பிட்டால் ஜீப் போச்சு! பேசாமல் இரும்!"

பேசாமல் இருந்தா. ஒரு மணித்தியாலம் இருந்தா. மிசின் சத்தமும் தூரப் போயிட்டுது. எனக்குச் சேட்டு நனைஞ்சு, தொண்டை வறண்டு, வீரம் முழுக்க ஆவியாப் போச்சு.

"நான் ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?" எண்டா.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துது. "இது சைக்கிள் இல்லையப்பா!"

"ஓம், சைக்கிள் எனக்கு ஓடத் தெரியாதுதான். மிசின் ஓடுவன்."

"என்ன மிசின்?"

"அப்பாவின்ர உழவு மிசின். இடம்பெயரேக்கை அப்பாவுக்குக் காய்ச்சல். வீட்டுச் சாமான் முழுக்கப் பின்னாலை கொழுவின பெட்டியிலை, அதுக்கு மேலை பதினொரு பேர், ரெண்டு ஆடு. மாரி மழை. மூண்டு நாள் நான்தான் ஓடினனான். எனக்கு அப்பப் பதினாறு வயசு."

நான் அப்பிடியே கல்லிலை இருந்திட்டன்.

"பத்தொன்பது வருசமா எனக்குச் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேக்கேல்லையே. பொம்பிளை பாக்க வரேக்கை பாடத் தெரியுமோ எண்டுதானே கேட்டியள்."

அவா சீலையை இழுத்துச் செருகினா. முன்சில்லுக்குப் பக்கத்திலை குந்தினா. சில்லின்ர நடுக் குடத்திலை ஒரு வட்டத் திருகு. அதைப் பிடிச்சுக் 'கடக்' எண்டு திருப்பினா. மற்றப் பக்கமும் போய்த் திருப்பினா.

"என்ன செய்யிறீர்?"

"இதைப் பூட்டாமல் முன்சில்லு இழுக்காது. நேற்றிலையிருந்து ரெண்டு சில்லிலைதான் ஓடுறியள். இதிலை எழுதியே கிடக்கு. கோயிலுக்குப் போனண்டே வாசிச்சனான்."

வாசகர்களே, நாலு மாசமா ஊர் முழுக்க நாலு சில்லு, நாலு சில்லு எண்டு திரிஞ்சவன் நான்.

பிறகு மண்வெட்டியாலை வயித்துக்குக் கீழை கிடந்த மண்ணை வறுகினா. பின்சில்லுக்குக் கீழை கல்லு அடுக்கிச் சாக்கு விரிச்சா. ரயரிலை கொஞ்சம் காத்துத் திறந்து விட்டா. ஏறி இருந்தா. கண்ணாடியைத் தன்ர உயரத்துக்குத் திருப்பினா. ஜீப் கத்தேல்லை. புகைக்கேல்லை. நேற்றுப் பாத்த அந்தப் பெரியவை கரை ஏறினமாதிரி, ஒவ்வொரு சில்லா வைச்சு, மெல்ல மெல்லப் பாறையிலை ஏறி மேலை போய் நிண்டுது. நான் கீழை வாயைப் பிளந்துகொண்டு நிண்டன். சத்தியமாக் கையெடுத்துக் கும்பிடவேணும் போலை கிடந்துது. இந்த மனுசியோடையோ நான் இவ்வளவு காலமும் உப்புக் காணாது எண்டு குறை சொன்னனான்?

"ஏறுங்கோ" எண்டா. ஸ்ரியரிங்கை விட்டு அவா அசையேல்லை; நான் பக்கத்துச் சீற்றிலை ஏறினன். மிச்சப் பாதையும் அவாதான் ஓடினா. ஒருக்காலும் என்ர தலை இடிக்கேல்லை.

பாலைமரத்தடியிலை ஜீப்பை நிப்பாட்டினா. ஐயனார் அப்பிடியே இருந்தார். அப்பத்தான் எனக்குத் திக்கெண்டுது. சத்தியம்! நானே ஓடுவன் எண்டெல்லோ சொன்னனான்!

"என்ன, விப்பமோ?" எண்டா சிவரூபி.

ஆனால் இருபத்திரண்டு வருசம் அரசாங்க உத்தியோகம் பாத்த மூளை சும்மாவே இருக்கும்?

"ஏன் விக்கவேணும்? ஆரின்ரையேன் உதவி எண்டால் வேறை ஆக்கள். நீர் வேறை ஆளோ? புருசனும் பெண்சாதியும் ஒண்டு! நீர் ஓடினால் அது நான் ஓடினது!"

அவா நாடியிலை விரல் வைச்சா.

"அப்பிடியோ?"

"அப்பிடித்தான்!"

"எனக்குச் சொல்லி என்ன? அவருக்குச் சொல்லுங்கோ. வடிவா விளங்கிறமாதிரி."

என்னளவு குழை ஒண்டு முறிச்சன். "ஐயனே! நானும் சிவரூபியும் ஒண்டு. அவா ஓடினால் நான் ஓடினது."

"ஓடுறதுக்கு மட்டுமோ?" எண்டா பின்னாலை நிண்டு. "போறது வாறதையும் சேத்துச் சொன்னால்தானே உறுதியா இருக்கும்."

நல்ல யோசினை எண்டு பட்டுது. "அவா போனால் நான் போனது! அவா வந்தால் நான் வந்தது! சத்தியம், சத்தியம், சத்தியம்!" மூண்டுதரம், காடு அதிரச் சொன்னன்.

ஜீப் தப்பிச்சுது. நானும் தப்பிச்சன். அந்தக் கிழமை முழுக்கக் கந்தோரிலை நிலத்திலை கால் படாமல் திரிஞ்சன். மனுசியை வாதத்திலை வெண்டவன் வன்னியிலை என்னைத் தவிர ஆர் இருக்கினம்?

அடுத்த சனிக்கிழமை விடியக்காலமை, ஜீப் இரைஞ்ச சத்தத்திலை கண் முழிச்சன். ஓடிப்போய்ப் பாத்தால், ஸ்ரியரிங்கிலை சிவரூபி. பக்கத்திலை மாதர் சங்கத் தலைவி கௌசலா, என்ர பைனாகுலரோடை. பின்னாலை பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, கூடாரத்துக்கு மேலை.

"எங்கையப்பா?"

"கருங்காலிக்குளம். நாளைக்குப் பின்னேரம் வருவம்."

"பொறும் பொறும், நானும் வாறன்! தொப்பியை எடுத்துக்கொண்டு..."

"நீங்கள் ஏன் ரெண்டுதரம் வாறியள்?" எண்டா சிவரூபி. "நான் போனால் நீங்கள் போனதுதானே. மூண்டுதரம் சத்தியம் பண்ணியிருக்கிறியள்."

"ஐயனாருக்கிட்ட சொன்னத மீறுனா குடும்பத்துக்கு ஆகாதுங்கய்யா" எண்டு பேச்சியம்மா பின்னாலை இருந்து கன்னத்திலை போட்டுக்கொண்டா.

ஜீப் போயிட்டுது. நாலு சில்லும் வடிவா இழுத்துது.

ஆனபடியால் வாசகர்களே, இப்ப நான் கருங்காலிக்குளத்துப் பாறையிலை இருந்து பெரியவை தண்ணி குடிக்கிறதை வாய் பிளந்து பாத்துக்கொண்டிருக்கிறன். இஞ்சை வீட்டிலை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு பசுவுக்குத் தண்ணி வைக்கிறது ஆரெண்டு மட்டும் கேக்காதேங்கோ.