கெண்டை கம்பவுண்டர் உருட்டிய உருண்டைகள்

நண்டை ஜென்மப் பகையாளியாக வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கெண்டை கம்பவுண்டர். புதுச்சேரியில், சாரத்தில் இருந்த ஒரு தர்ம வைத்தியசாலையில் அவர் மருந்து கலக்கினார். நான் பக்கத்து மேஜையில் சீட்டு எழுதினேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'கெண்டை'.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊசுட்டேரிக் கரையில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார். தவிடும் புண்ணாக்கும் பிசைந்து முள்ளில் வைத்துக் கெண்டைக்குக் காத்திருப்பார். தக்கை அசையாது. இழுத்துப் பார்த்தால் முள் மட்டும் பளபளவென்று வரும். அடியில் ஊர்ந்த நண்டுகள் இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

"மீனு திருடுனாகூட மன்னிச்சிடுவேன்டா. அது முள்ளுல வாய வெக்கிது, துணிச்சல் இருக்குது. இந்த நண்டு பக்கவாட்டுல வந்து பக்கவாட்டுலயே போவுது, ராஸ்கல்!" என்று திங்கட்கிழமை முழுக்கப் பொருமுவார்.

முதலில் இரையைக் காயத்துக்குக் கட்டும் துணியில் முடிந்து போட்டார். நண்டுகள் கட்டைப் பிரித்துவிட்டன. அப்போது அவருக்குள் இருந்த கம்பவுண்டர் விழித்துக்கொண்டார். மாத்திரை உருட்டும் பலகையிலேயே இரையை உருட்டி, மேலே கோந்தும் மாவும் பூசி, கல்லாகக் காயவைத்தார். நண்டு மோந்து பார்த்துவிட்டு ஓட வேப்பெண்ணெயும் ஊற்றினார். நண்டுகள் வரவில்லை. கெண்டையும் வரவில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே ஒரு கிழட்டு நண்டு மட்டும் வேப்பெண்ணெய்க்கும் அசரவில்லையாம். அதற்கென்றே விஷமான எட்டிக்கொட்டையை அரைத்துத் தனியாகச் சில உருண்டைகள் செய்திருந்தார்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். மாமியார் வீட்டு விருந்து வயிற்றைப் பிசைந்தது. கம்பவுண்டர் டீ குடிக்கப் போயிருந்தார். அலமாரியில் 'வயிற்றுவலி' என்று எழுதியிருந்த டப்பாவைத் திறந்து இரண்டை விழுங்கினேன்.

திரும்பி வந்தவர் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார்.

"இதுலேர்ந்து எடுத்தியா?"

"ரெண்டு போட்டுக்கினேன் முசியே. ஏன்?"

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அது காலி டப்பான்னு உருண்டைய போட்டு வெச்சேன்டா. இதே மாதிரி ரெண்டு டப்பா. ஒண்ணு கெண்டைக்கு, ஒண்ணு நண்டுக்கு. இன்னொண்ணக் காணோம். இது எதுன்னு தெரியலியே!"

"ஒடச்சிப் பாருங்க, வாயில வெச்சிப் பாருங்க."

"ரெண்டும் ஒரே நெறம். ரெண்டுமே வேப்பெண்ணெ, ரெண்டுமே கசக்கும்."

"எட்டியா இருந்தா இன்னா ஆவும்?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "மொதல்ல தாடை இறுகும். அப்பறம் கழுத்து. அப்பறம்..."

"போதும் முசியே."

வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. உப்புத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக என் வாயில் ஊற்றினார். காலையில் தின்ற இட்லி வந்தது, உருண்டைகள் வரவில்லை. டாக்டர் ஒரு பிரசவத்துக்காகப் பிள்ளைச்சாவடி போயிருந்தார். கம்பவுண்டர் வாட்ச்மேனை அவனுடைய சைக்கிளில் ஏற்றிவிட்டார். "நடந்ததை அப்படியே சொல்லு. என் வேலை போனா போவுது, அவரு சீக்கிரம் வரணும்."

பிறகு எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதே டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இன்னா பண்றீங்க முசியே!"

"எனக்கு அம்பத்தாறு வயசு, ஒடம்புல சத்து கெடையாது. எனக்குத்தான் மொதல்ல புடிக்கும். என் தாடை இறுகுனா, உனக்கு இன்னும் கொஞ்சம் டைம் இருக்குன்னு அர்த்தம்."

எனக்குப் பின்னால் விழுங்கியவருக்கு எப்படி முன்னால் பிடிக்கும் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒருவருக்கொருவர் வாயைத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தோம். கருவடிக்குப்பத்திலிருந்து இருமல் மருந்துக்கு வந்த அம்மாள் பொறுத்துப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இப்டிக் கொட்டாவி வுட்டா மருந்து யாரு குடுக்கிறது?"

"நாளைக்கி வாம்மா. இருந்தா தரேன்."

அந்த 'இருந்தா'வைக் கேட்டதும் என் உடம்பில் இருந்த கொஞ்ச தைரியமும் வடிந்துவிட்டது. என் மனைவி பெயரைச் சொல்லி அழுதேன். அவர் என் நாடியைப் பிடித்தார். எண்ணிக்கை நடுவில் தவறித் தவறிப் போனது. ஆனால் கையை மட்டும் விடவில்லை.

டாக்டர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விஷம் இருக்கிற டப்பாவுக்கு நீ சிவப்பு நூல் கட்டுவியே, இதுல எங்கய்யா நூலு?"

கம்பவுண்டர் விழித்தார். இருபது வருஷப் பழக்கம் பயத்தில் மறந்தே போயிருந்தது. வாசலில் நின்ற அவருடைய சைக்கிள் பையில் சிவப்பு நூல் கட்டிய டப்பா பத்திரமாக இருந்தது. நாங்கள் இருவரும் தின்றது கெண்டையின் சாப்பாடு.

டாக்டர் எட்டி உருண்டைகளைப் பின்பக்கம் ஆழக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னார். அப்புறம் கத்தினார்: "அவன் தெரியாம முழுங்கிட்டான். நீ தெரிஞ்சே முழுங்கியிருக்கியே, உனக்கு என்னய்யா கேடு?"

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பையன் தனியா பயந்துகினு இருந்தான் டாக்டர்."

அவர்மேல் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் இன்றுவரை வரவில்லை.