மூன்றாம் முறை கேட்டபோது சொன்ன பெயர்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுவது. பித்தப்பை நீங்கலாக இங்கு அனைவரும் நலம். தங்கள் வீட்டிலும் எல்லோருடைய எல்லா உறுப்புகளும் நலம் என்று நம்புகிறேன்.

என் மகள் ஒரு மாயாஜாலப் படத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறாள். முப்பது வருடமாக ஊரார் ஆய்வேடுகளைத் தைத்து அட்டை போட்டவன் நான்; ஒன்றிலும் ஒரு வரி படித்ததில்லை. பெற்ற பிள்ளை எழுதியதாயிற்றே என்று இதில் மட்டும் மூன்று அத்தியாயம் படித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. படத்தில் ஒரு நெசவுக்காரி குகைக்குள் போகிறாள். வாசலில் நகையைக் கழற்றுகிறார்கள், வெள்ளைத் துணி கொடுக்கிறார்கள், சொந்த விருப்பத்தில் வந்ததாகச் சொல்ல வைக்கிறார்கள், மூன்று முறை பெயர் கேட்கிறார்கள். சடங்குக்கு உன் நம்பிக்கை தேவையில்லையாம். வரிசை தப்பாமல் செய்தால் போதும், அது உன்னை வேறு ஆளாக்கிவிடுமாம். அவளோ மூன்றாம் முறை வேறு பெயர் சொல்லித் தப்பி ஓடுகிறாள். சுயமுடிவு என்பது இதுதானா என்று கேட்டு மகள் அடிக்கோடு போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை இங்கே வந்தால், மச்சான், முதலில் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். அடுத்து வெள்ளை அங்கி, அதுவும் முதுகுப்பக்கம் திறந்தது. நர்ஸ் பெயர் கேட்டார், சொன்னேன். மயக்க மருந்து டாக்டர் கேட்டார், சொன்னேன். "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்தும் போட்டுவிட்டேன். கதவு தானாகத் திறந்தது. உள்ளே கண் மட்டும் தெரிகிற ஒருவர் குனிந்து, "உங்க பேரு சொல்லுங்க" என்றார். இது மூன்றாம் முறை. உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்தே பயம் வந்தால் எனக்கு முதலில் உங்கள் ஞாபகம்தான் வரும்.

உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உங்கள் தங்கையை விசாரிக்க, "அது எங்க அண்ணன் பேரு" என்று அவள் அழ, அண்ணன்தான் போய்விட்டாரோ என்று பக்கத்துக் கட்டில்காரர் துக்கம் கேட்க, மூளை டாக்டர் வந்து இன்று என்ன கிழமை என்று கேட்க, இதுவும் சடங்கோ என்று நான் வேண்டுமென்றே வெள்ளி என்று சொல்ல, என் தலையையும் படம் எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை மறுபடி உள்ளே கொண்டுபோவார்களாம். நீங்கள் அதற்குள் வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். சாவதற்குக்கூட இவ்வளவு பயமில்லை, மச்சான். வெளியே வருகிற ஆள் நானாக இருப்பேனா என்பதுதான் பயம். இந்த வயதில் உங்கள் தங்கை இன்னொருவனை எங்கே பழக்குவாள்?

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்போதைக்கு நானாகவே இருக்கும்,
தங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: அவசரமாக வர வேண்டாம். தபாலில் போடக் கொடுத்த கடிதத்தை மகள் படித்துவிட்டாள். "அப்பா, நாலாவது அத்தியாயம் நீங்க படிக்கவே இல்லையே" என்றாள். அது இன்னும் அச்சாகியே வரவில்லை. அதில் நெசவுக்காரி தானே திரும்பி வந்து, யாரும் கேட்கும் முன்பே தன் பெயரைச் சொல்கிறாளாம். "அதுதாம்பா சுயமுடிவு. முன்னாடி ஓடுனது வெறும் பயம்." எனவே இன்று வியாழக்கிழமை காலை, கதவு திறக்கும் முன்பே, வராந்தா முழுக்கக் கேட்கும்படி என் பெயரைச் சொன்னேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவும் தன் பெயரைச் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் உங்கள் தங்கை குனிந்து பார்த்து, அதே மூஞ்சிதான் என்றாள். பித்தப்பையில் இருந்த கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குப்பியில் ஒட்டத் திங்கட்கிழமையே எழுதிய பெயர்ச்சீட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. சாவகாசமாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.