வத்தலான இசைத்தட்டு

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்றது ஐந்து, கொழுந்தன் பிள்ளை ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறையும் குளிப்பாட்டி வெயிலில் நிறுத்தித்தான் காயவைத்தேன். ஒன்றும் வளைந்து போகவில்லை. அந்தத் தைரியத்தில் செய்த காரியம் இது.

என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து எனக்கு ஒரு புடவையும் தனக்கு ஓர் இங்கிலீஷ் ராக் இசைத்தட்டும் வாங்கி வந்தார். புடவை கரித்துணியாகி அதுவும் போய்விட்டது. தட்டு போகவில்லை. அட்டையில் நாலு ஆம்பிளைகள், நாலு பேருக்கும் என்னைவிட நீளமான முடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதைப் போடுவார். எனக்கு அது பாத்திரக்கடையில் ஆடு புகுந்த சத்தம்.

"வித்துத் தொலைங்க" என்று காலமெல்லாம் சொன்னேன். போன பங்குனியில் பாளையங்கோட்டை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, "சரிட்டி, நீயே வித்துரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன். (அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.)

பழைய ரெக்கார்டு வாங்கும் ஜங்ஷன் அண்ணாச்சிக்கு மகள் போன் போட்டுத் தந்தாள். "தட்டு சுத்தமா இருக்கணும் ஆச்சி. பளிச்சுன்னு இருந்தா நல்ல விலை" என்றார்.

தட்டு சுத்தத்தைப் பற்றி என்னிடமா? சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டைமாடியில் கூழ்வத்தலுக்குப் பக்கத்தில் காயவைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் வத்தல் தட்டையாக இருக்கிறது, தட்டு வத்தலாகிக் கிடக்கிறது.

சாயங்காலம் வந்த அண்ணாச்சி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆச்சி, இது தட்டா, அப்பளமா?"

"கழுவினேன் அண்ணாச்சி."

"கழுவினது சரி. பொரிக்க யாரு சொன்னா?"

என் வீட்டுக்காரர் தட்டை வாங்கி ரெக்கார்டு பெட்டியில் போட்டார். முள் அலையில் தோணிபோல ஏறி இறங்கியது. பாட்டும் இழுத்து இழுத்து ஆடியது. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஏட்டி பிலோமி, இங்கன வா. கப்பல்ல இப்படித்தாம்ட்டி கேக்கும். கடல் ஆடுத ஆட்டத்துல முள்ளு நிக்காது. கரைக்கு வந்த பொறவு இன்னைக்குத்தான் சரியாப் பாடுதான்."

முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டேன். நடுவில் சத்தமெல்லாம் அடங்கி ஒற்றைக் கிட்டார் மட்டும் கேட்கிறது. அப்புறம் அவன் பாடுகிறான். இத்தனை வருஷமும் அவன் கத்தவில்லை, யாரையோ கூப்பிட்டிருக்கிறான். நான்தான் அடுக்களையில் நின்று காதில் வாங்கவில்லை.

"அட்டையையாவது குடுங்க ஆச்சி, அதைக் காயப்போடலைல்லா?" என்றார் அண்ணாச்சி. விற்றோம். அந்தக் காசு ஒருநாள் மீனுக்குச் சரியாகப் போயிற்று. தட்டு இப்போது நான் தைத்த தலையணை உறைக்குள் தூங்குகிறது.

எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனாலும், "அம்மா வாரா, மாப்பிள்ளைய வெயில்ல நிக்கவிடாதீங்க" என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

பேத்தி வாசிக்க நான் எழுத்துக்கூட்டி எழுதினது இவ்வளவுதான். ஏ ஜெனி, தாத்தாவுக்குக் கேக்குத மாதிரி வாசி பாப்போம். அப்பளம் வார இடத்துல சிரிக்கக் கூடாது. முதல்ல அந்தப் பாட்டைக் குறைக்கச் சொல்லு... வேண்டாம், கிட்டார் வரப்போகுது. முடியட்டும், பொறவு வாசி.