வால்யூம் அண்ணாச்சி வைத்த பேர்கள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பிள்ளைகளுக்குப் பேர் வைத்தவர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினாலும், வால்யூம் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள். அவர் பேர் வைத்தது ஹார்ட் டிஸ்க்குகளுக்கு.

வால்யூம் என்றதும் தொண்டை பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து "வாரேன்" என்பார். நமக்குக் கேட்காது. மறுபடி தட்டுவோம். "அதான் வாரேன்னு சொன்னேன்லா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே திறப்பார்.

பட்டப்பேர் வேறு வழியில் வந்தது. புது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஃபார்மட் செய்யும்போது, பேர் எழுதுகிற கட்டத்தில் கம்ப்யூட்டரே 'நியூ வால்யூம்' என்று எழுதி வைத்திருக்கும். ஊர் உலகமெல்லாம் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பட்டனை அமுக்கும். அண்ணாச்சி அமுக்கமாட்டார். "நாய்க்கே எம்புட்டு யோசிச்சுப் பேரு வைக்கிற ஊருலே இது. நியூ வால்யூம்ங்கிறது ஒரு பேரா? ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்த பிள்ளைய, புதுப்பிள்ளை புதுப்பிள்ளைன்னே கூப்பிட்டுக்கிட்டு இருப்பியா?" என்பார். வீட்டுக்காரர் ஒரு பேர் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். காபி கொடுத்தாலும் அசையமாட்டார், குடித்துவிட்டும் அசையமாட்டார்.

வத்திராயிருப்பில் ஒரு தென்னந்தோப்புக்காரர், எந்தப் பேரும் தோன்றாமல், அடுப்படியைப் பார்த்து, "பாக்கியம்னு வைங்க" என்று மனைவியின் பேரைச் சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் கழித்து அந்த டிஸ்க் நிறைந்தது. தோப்புக்காரர் போன் போட்டார்.

"அண்ணாச்சி, பாக்கியத்தை மொத்தமா அழிச்சிரலாம்னு இருக்கேன். எப்ப வாரீக?"

"நல்லா யோசிச்சீகளா? பாக்கியத்துக்குத் தெரியுமா?"

"அதுக்கு எதுக்குத் தெரியணும்? ரொம்பப் பழசாப் போச்சு. வேற புதுசு பாத்துக்கிடலாம்."

அந்தம்மாள் அடுப்படியில்தான் இருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் தோப்புக்காரர் சாப்பிட்டது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளப்புக் கடையில். பாக்கியத்தை இன்றுவரை அழிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு டிஸ்க் மாட்டிக்கொண்டார்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். எட்டாங்கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவேன், வந்ததுதான் வந்தோம், கேஸை அணைத்தோமா என்றும் பார்ப்பேன், பஸ் போய்விடும். இப்படிப்பட்டவனுக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தொழில் அமைந்தது. வேறு தொழிலில் தப்பு நடந்தால் மறுபடி செய்து கொடுக்கலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? கேமரா ஓடுகிறதா, ஓடுகிறதா என்று அதன் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு தாலி கட்டையும் நான் நிம்மதியாகக் கண்ணால் பார்த்தது கிடையாது.

வீடியோ சேரச் சேர, ராஜபாளையத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் டிஸ்க் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அண்ணாச்சி பஸ் ஏறி வருவார். கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைப்பார். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு வேண்டிய டிஸ்க்கையும் ஃபார்மட் செய்யப்போகிற டிஸ்க்கையும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கழற்றி என் மனைவி செல்வியின் மடியில் வைப்பார்.

"இத வச்சிக்கிட்டு அங்கிட்டுப் போய் உக்காரு தாயி. நான் கூப்பிடுற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள வரப்படாது."

"உலை கொதிக்குது அண்ணாச்சி. அரிசி போடணும்."

"அரிசி செத்த நேரம் பொறுக்கும். கண்ணு தப்புப் பண்ணும், கையி தப்புப் பண்ணும். பெட்டியிலயே இல்லாத டிஸ்க்க எவன் அழிக்க முடியும்?"

ஒருநாள் கேட்டேன். "டிஸ்க்குக்குப் பேரு வைக்க எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பாடு?"

திருப்புளியைக் கீழே வைத்தார். "பேரு இருந்தா, அழிக்கிறதுக்கு முன்னால ஒரு தரம் கை நடுங்கும்லே. நடுங்கணும். நடுங்காத கையாலதான் எல்லாம் போகுது."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். நடுங்குகிற கைக்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறேன். முகூர்த்த வீடுகளில் பேச்சு வாங்கியிருக்கிறேன். அதையும் நல்லது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் ஒரு வைகாசியில், முகூர்த்தம் நெருக்கியடித்த சமயம், அண்ணாச்சியைக் கூப்பிட நேரமில்லாமல், ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வாங்கி நானே மாட்டி நானே ஃபார்மட் செய்தேன். இரண்டுமே 'நியூ வால்யூம்'. வன்னியம்பட்டிக் கல்யாணம் ஒன்று அதிலொன்றில் ஏறியது. நான் அதை வெட்டி ஒட்டி முடிக்கும் முன்பே, பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அந்தப் பெண் வந்தாள். முத்துமாரி என்று பேர். வாசலிலேயே நின்றாள்.

"ஆல்பமெல்லாம் மெதுவாக் குடுங்கண்ணே. எங்கய்யா நடக்கிறது, பேசுறது இருந்தா அத மட்டும் குடுங்க போதும். போட்டோவுல அவிய பேச மாட்டேங்காக."

"நாளைக்குக் காலையில வா தாயி, எடுத்து வைக்கேன்" என்று அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு டிஸ்க் திறந்தது. அதில் காதுகுத்தும் சடங்கும்தான் இருந்தன. கல்யாணம் மற்றதில். மற்றது திறக்கவில்லை. இங்கிலீஷில் ஒரு வாசகம் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. பட்டனும் தயாராக இருந்தது.

ஃபார்மட் என்றால் அழிப்பது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டால் சரி என்று அமுக்கியே பழகியவன். அமுக்கினால்தான் திறக்குமோ என்று தோன்றிவிட்டது. அம்புக்குறி பட்டன்மேல் போய் நின்றது. அப்போது கை நடுங்கியது. நல்லவேளையாக நடுங்கியது. போனை எடுத்தேன்.

"அண்ணாச்சி, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்கு."

"யாரு?"

"கம்ப்யூட்டரு."

"கேட்டா குடுத்துருவியா? ரோட்டுல போறவன் வேட்டியக் கேட்டா அவுத்துக் குடுப்பியாலே? மவுஸ்ல இருந்து கைய எடு."

"எடுத்துட்டேன்."

"ரெண்டு கையையும் எடு."

"ரெண்டையும் எடுத்தா போனை எப்படிப் பிடிக்க அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. யோசித்தாரா, பேசியது எனக்குக் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. பிறகு, "அணைச்சுப் போட்டுட்டுப் படு. காலையில வாரேன்" என்றார். அணைத்தேன். படுத்தேன். அணைத்தோமா என்று பலதரம் எழுந்து பார்த்தேன்.

காலையில் அண்ணாச்சியும் முத்துமாரியும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயம். அவர்தான் அவளிடம் நேராகச் சொன்னார்.

"உள்ள எல்லாம் இருக்கும் போலதான் தெரியுது தாயி. எது எங்க இருக்குன்னு சொல்ற புத்தி மட்டும் அதுக்குக் கலங்கிப் போச்சு. அதுமேல ஒண்ணும் எழுதாம, உள்ள இருக்கிறத அலுங்காம வேற டிஸ்க்குக்கு மாத்திப் பாக்கணும். கெடைச்சா ஒங்க அதிர்ஷ்டம். கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பையிலிருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்தார். திறக்காத டிஸ்க் வழக்கம்போல் செல்வியின் மடிக்குப் போனது. அன்றைக்கு அவள் அரிசியைப் பற்றிப் பேசவில்லை. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்தாள்.

ஃபார்மட் கட்டம் வந்தது. 'நியூ வால்யூம்' என்று இருந்ததை அழித்துவிட்டு, அண்ணாச்சி முத்துமாரியைப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு பேரு சொல்லு தாயி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாக, "எங்கய்யா பேரு வைக்கலாமா? கருப்பையா" என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பிறகு செல்வியின் மடியில் இருந்த டிஸ்க்கை வாங்கி மறுபடி மாட்டினார்.

மத்தியானம்வரை அதில் இருந்தது புது டிஸ்க்குக்கு மாறிக்கொண்டே இருந்தது. வந்த வீடியோக்கள் பேர் இல்லாமல் வெறும் நம்பராக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பந்தி. நாதஸ்வரக்காரர். யாரோ ஒருவருடைய முழங்கால். அடுத்ததில் மீசையும் துண்டுமாக ஒரு முகம் கேமராவுக்குக் கிட்டத்தில் வந்து என்னமோ சொன்னது. சத்தம் சரியாகக் கேட்கவில்லை.

முத்துமாரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அண்ணே, வால்யூம்..." என்றாள்.

"சொல்லு தாயி" என்றார் அண்ணாச்சி.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். செல்விதான் முதலில் சிரித்தாள். அவருடைய பட்டப்பேரைச் சொன்னதும், அழுதுகொண்டிருந்த முத்துமாரியும் சிரித்துவிட்டாள். நான் சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டேன்.

"ஏலே கேமரா, நீ சாப்பிட்டியா? மொதல்ல போய்ச் சாப்பிடு. கல்யாணம் எங்கயும் ஓடிராது."

என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அது காதில் விழவில்லை. முத்துமாரி திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அண்ணாச்சி திரைப் பக்கம் வராமல், தரையில் சிந்திய திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் பொறுக்கிய பிறகும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் நான் இன்னொரு டிஸ்க் வாங்கினேன். மற்றதையெல்லாம் கழற்றி செல்வி மடியில் வைத்துவிட்டு, கட்டத்தில் இருந்ததை அழித்தேன். அவர் பேரையே வைத்துவிடலாம் என்று கையை வைத்தால், அவர் பேர் எனக்குத் தெரியவில்லை. போனிலும் வால்யூம் என்றுதான் இருக்கிறது.

"இம்புட்டு வருசம் பழகியிருக்கீக, பேரு தெரியாதா?" என்றாள் செல்வி, அடுத்த அறையிலிருந்து.

போன் போட்டேன். "அண்ணாச்சி, ஒங்க சொந்தப் பேரு என்ன?"

"எதுக்குலே? என்னைய ஃபார்மட் பண்ணப் போறியா?"

பிறகு சொன்னார். கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். "அதான் சொன்னேன்லா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே மறுபடி சொன்னார்.

அந்தப் பேர் இப்போது என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அம்புக்குறி போனாலே எனக்குக் கை நடுங்குகிறது. நடுங்கட்டும்.